நொச்சி ஆவி சைனஸைக் குணமாக்குமா? ஆதாரம் என்ன?

கேள்வி: குலசேகரம் வாசகர், ஜூலை 6, 2025

எனக்கு நாலைந்து வருஷமாக சைனஸ். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்தால் மூக்கடைப்பு, நெற்றிக் கனம், பச்சைச் சளி. இந்த முறை ஈஎன்டி டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினார். முழுக் கோர்ஸும் தின்று முடித்தேன், போகவில்லை. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அம்மச்சி விடவில்லை. நொச்சி இலை போட்டு ஆவி, மூக்கில் தும்பைச் சாறு, குளித்ததும் உச்சியில் ராஸ்நாதி என்ற ஆயுர்வேதப் பொடி. ஒரு வாரத்தில் சுத்தமாக விட்டுப்போயிற்று. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? எதைச் சொன்னாலும் "ஆய்வு இல்லை" என்று பேசுகிறவர்கள் பதில் சொல்லட்டும்.

ஜூலை 6, இரவு

தக்கலைப் பக்கம் மெடிக்கல் கடை வைத்திருக்கிறேன். எதிரே நாட்டு மருந்துக் கடை. இந்த மாதம் இரண்டு பேருக்கும் நல்ல வியாபாரம், அதனால் சண்டைக்கு வரவில்லை.

தம்பி எழுதியதில் எனக்கு உறுத்துவது நாள் கணக்கு. தடுமம் (ஜலதோஷம்) பிடித்து, அது கன்னத்துக்கும் நெற்றிக்கும் ஏறி, டாக்டரைப் பார்த்து, ஒரு கோர்ஸ் ஆன்டிபயாடிக்கும் முடிக்கும்போது இரண்டு வாரம் தாண்டியிருக்கும். அதற்குப் பிறகுதான் நொச்சி வருகிறது. அந்த மூன்றாவது வாரத்தில் நீங்கள் என்ன செய்திருந்தாலும், சும்மா இருந்திருந்தாலும்கூட, அநேகமாக விட்டிருக்கும்.

திடீரென்று வருகிற சைனஸைப் பற்றி 2018-இல் ஒரு காக்ரேன் தொகுப்பு வந்தது (பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுகிற அமைப்பு காக்ரேன்). அதில் ஆன்டிபயாடிக் கொடுக்காமல் விட்டவர்களில் 100-க்கு 46 பேர் ஒரு வாரத்திலும் 64 பேர் இரண்டு வாரத்திலும் குணமாகியிருக்கிறார்கள். ஆன்டிபயாடிக் கொடுத்தால் கூடுதலாக 100-க்கு 5 முதல் 11 பேர் வரை சீக்கிரம் தேறுகிறார்கள். அவ்வளவுதான். ஆக டாக்டர் மாத்திரை தோற்றதிலும் அதிசயம் இல்லை, அம்மச்சி ஜெயித்ததிலும் இல்லை. கடைசியாகச் செய்த வைத்தியம் பேரைத் தட்டிக்கொண்டு போகும்.

ஜூலை 7

மார்த்தாண்டத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பச்சைச் சளி என்றால் பாக்டீரியாதானே, அது ஆவியில் போகுமா?"

பச்சையும் மஞ்சளும் பாக்டீரியாவின் நிறம் கிடையாது. நம் வெள்ளை அணுக்களில் இருக்கும் ஒரு நொதியின் நிறம் அது. வைரஸ் தடுமத்திலும் சளி பச்சையாகும். கடைக்கு வந்து சளியின் நிறத்தைச் சொல்லி, "அசித்ரோமைசின் மூணு குடுங்க அண்ணாச்சி" என்று கேட்கிறவர்கள் இதைப் படித்தால் நல்லது. படிக்கமாட்டார்கள்.

பாக்டீரியா என்று சந்தேகப்படுவதற்கு டாக்டர்கள் பார்க்கிற அடையாளங்கள் வேறு. பத்து நாளாகியும் கொஞ்சமும் குறையாமல் இருப்பது, குறைந்து வந்தது மறுபடி ஏறுவது, தொடக்கத்திலேயே 39 டிகிரிக் காய்ச்சலோடு முகவலியோ கெட்ட சளியோ மூன்று நான்கு நாள் நிற்பது. பெரியவர்களுக்கு வைரஸ் தடுமத்தில் பாக்டீரியா வந்து சேர்வது 100-க்கு இரண்டு பேரைத் தாண்டாது.

ஜூலை 9

இனி நொச்சி. இதைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் எலியில் செய்தவை அல்லது ஆய்வகத் தட்டில் செய்தவை. எலியின் காலில் வீக்கம் வரவைத்து, இலைச் சாற்றைக் கொடுத்தால் வீக்கம் குறைகிறது. தட்டில் வளர்த்த கிருமியும் சாகிறது. தட்டில் என்றால் பினாயிலிலும் சாகும். மூக்கடைத்த மனுஷனுக்கு அண்டாவிலிருந்து வருகிற ஆவியில் இலைச்சத்து எவ்வளவு ஏறுகிறது, அதில் எவ்வளவு சைனஸுக்குள், அதாவது மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளுக்குள், போகிறது என்பதுதான் நமக்கு வேண்டிய கேள்வி. எலிக்கால் அதற்குப் பதில் சொல்லாது.

ஆவியைத் தனியாகப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 72 கிளினிக்குகளில் 871 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 2016-இல் வந்தது. சைனஸ் தொல்லை விடாமல் இருக்கிறவர்கள் அல்லது திரும்பத் திரும்ப வருகிறவர்கள். ஆவி பிடித்தவர்களுக்குத் தலைவலி கொஞ்சம் குறைந்தது. மற்றதில் சொல்லும்படி மாற்றம் இல்லை. சாதாரணத் தடுமத்துக்குச் சூடான ஈரக் காற்று பற்றிச் சண்டிகர்க்காரர்கள் தொகுத்த காக்ரேன் அறிக்கை 2017-இல் வந்தது. ஆறு ஆய்வு, 387 பேர். பலன் உண்டு என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அதில் ஒன்றும் தேறவில்லை.

அப்படியானால் ஆவி பிடித்ததும் மூக்கு திறந்த மாதிரி இருக்கிறதே? இருக்கும். எனக்கும் இருக்கிறது. சூட்டில் சளி இளகும், அது ஒன்று. வாசனை இன்னொன்று. மென்தால் கலந்த களிம்பைத் தடவினால் மூச்சு இலகுவாகப் போகிற மாதிரித் தோன்றும். பிரிட்டனின் கார்டிஃப் ஆய்வகத்தில் மூக்குக்குள் காற்று போகிற தடையைக் கருவி வைத்து அளந்தார்கள். அடைப்பு அப்படியே இருந்தது. குளிர்ச்சியை உணரும் நரம்பு வாயிலை மென்தால் தட்டுகிறது, மூளை "காற்று நன்றாக வருகிறது" என்று எடுத்துக்கொள்கிறது. டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் கிடைத்த ஆராய்ச்சி இந்த வகை வாயில்களைப் பற்றியதுதான். நொச்சியும் யூகலிப்டஸும் கொடுக்கும் சுகத்தில் இந்தக் கணக்குக்கும் பங்கு இருக்கும். சுகம் பொய் இல்லை. ராத்திரி தூக்கம் வந்தால் அதுவே பெரிய காரியம்.

ஜூலை 9, பின்னிரவு

தோவாளைக்காரர் உடனே பிடித்துக்கொண்டார்: "அந்த இங்கிலாந்து ஆய்வில் வெறும் தண்ணீர் ஆவிதானே, இலை எங்கே?" நியாயமான அடி. வெறும் ஆவி தோற்றால் இலை போட்ட ஆவியும் தோற்றது என்று ஆகாது. அதை வைத்து இலை ஜெயித்தது என்றும் ஆகாது.

சின்னப் பிள்ளைகளுக்குப் பாத்திரம் வைத்து ஆவி பிடிக்க வேண்டாம். சுட்ட செங்கல் துண்டைப் பானையில் போடுகிற அந்தக் காலத்து வேது வீட்டில் இன்னும் நடக்கிறது என்றால், பிள்ளை அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. போர்வைக்குள் பானை கவிழ்ந்து தொடை வெந்தவர்களுக்குத் தீப்புண் களிம்பு கொடுத்திருக்கிறேன். தடுமம் ஒரு வாரத்தில் போய்விடும், அந்தத் தழும்பு போகாது.

ஜூலை 13

ஞாயிறு, கடை அரை நாள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மூலிகைக்கு ஆய்வே இல்லை என்று யாராவது சொன்னால் அதுவும் தப்பு. நொச்சிக்கு இல்லாத அதிர்ஷ்டம் வேறு சில செடிகளுக்கு வாய்த்திருக்கிறது.

யூகலிப்டஸ் எண்ணெயின் முக்கியப் பொருள் சினியோல். ஜெர்மனியில் 152 பேருக்கு, பாதிப் பேருக்குச் சினியோல் மாத்திரை, 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை. மீதிப் பேருக்குப் போலி மாத்திரை, அதாவது பார்க்க அதே மாதிரி இருக்கும், உள்ளே மருந்து இருக்காது. திடீர் சைனஸ், சீழ் இல்லாதவர்கள். ஒரு வாரத்தில் சினியோல் தின்றவர்கள் தெளிவாக முன்னால் இருந்தார்கள். 2004-இல் வெளிவந்தது. நொச்சி இலை எண்ணெயிலும் சினியோல் உண்டு என்று எதிர்க்கடை அண்ணாச்சி குதிப்பார். சில ஊர்ச் செடியில் உண்டு, சிலவற்றில் அற்பம். மண்ணும் மழையும் மாறினால் எண்ணெயும் மாறும். அது போக, அவர்கள் கொடுத்தது அளந்து விழுங்குகிற மாத்திரை, முகர்கிற ஆவி இல்லை.

அடுத்து தென்னாப்பிரிக்க ஜெரேனியம், பெலர்கோனியம் சிடாய்டிஸ். அதன் வேர்ச் சாறு ஜெர்மனியில் உம்க்காலோவாபோ என்ற பேரில் விற்பனையாகிறது. 103 சைனஸ் நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2009-இல் வந்தது, போலி மருந்தை விட நல்ல பலன். ஆனால் 2013-இல் காக்ரேன்காரர்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, பலன் இருக்கலாம், ஆதாரத்தின் தரம் போதாது என்று நிறுத்திக்கொண்டார்கள்.

நமக்குப் பக்கத்துச் சொந்தம் என்றால் நிலவேம்பு, நம்மூர்க் கிரியாத்து. மூச்சுப் பாதைத் தொற்றுக்கு இதைக் கொடுத்த 33 ஆய்வுகளை, 7175 பேரை, 2017-இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். இருமலும் தொண்டைவலியும் சீக்கிரம் குறைகின்றன என்று தெரிகிறது, ஆனால் பல ஆய்வுகள் தரத்தில் மெலிந்தவை. குறிப்பாக சைனஸைச் சேர்த்துச் செய்தது 2002-இல் வந்த, கான் ஜாங் என்ற மருந்தின் ஆய்வு, 185 பேர். மூக்கு அறிகுறிகளும் தலைவலியும் குறைந்தன.

"பார்த்தீர்களா, அரசு கொடுத்த நிலவேம்புக் குடிநீர்!" என்று துள்ள வேண்டாம். கான் ஜாங்கில் இருந்தது நிலவேம்புச் சத்தும் சைபீரிய ஜின்செங்கும். நம் குடிநீர்ச் சூரணத்தில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். இரண்டும் வேறு மருந்து. ஒன்றுக்குக் கிடைத்த மார்க்கை இன்னொன்றின் பரீட்சைத் தாளில் எழுத முடியாது.

இன்னொன்று, இந்த ஆய்வுகளில் பலவற்றுக்குப் பின்னால் மருந்தை விற்கிற கம்பெனியே இருக்கிறது. மாத்திரைக் கம்பெனிகளும் அதையேதான் செய்கின்றன. இரண்டுக்கும் ஒரே சந்தேகக் கண்ணாடி போட்டுப் பார்க்கலாம்.

ஜூலை 14

அவசரக் குறிப்பு. சினியோல் மாத்திரை பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, யூகலிப்டஸ் தைலத்தைச் சுடுதண்ணீரில் விட்டுக் குடிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. பிள்ளைகளுக்குக் கொஞ்சம் உள்ளே போனாலும் வலிப்பு வரும். கற்பூரமும் அப்படித்தான். கைக்குழந்தையின் மூக்கருகில் கற்பூரம், மென்தால் கலந்த எந்தக் களிம்பும் வேண்டாம்.

நிலவேம்புக்கும் ஒவ்வாமை உண்டு. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமைப் புகார்கள் வந்ததால் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் தனியாக ஆராய்ந்து அறிக்கை போட்டது. தடிப்பு, மூச்சிரைப்பு வந்தால் குடிப்பதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "மருந்து வேலை செய்கிறது, அதுதான் வெளியே தள்ளுகிறது" என்று சொல்கிறவர் வீட்டுக்குப் போகக் கூடாது.

ஜூலை 19

கொஞ்சம் வழி விலகுகிறேன். அந்த ஜெரேனியம் ஜெர்மனிக்குப் போன கதை நம் மலைக்காரர்கள் கதையோடு ஒட்டுகிறது.

காசநோய் பிடித்த சார்லஸ் ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1897-இல் தென்னாப்பிரிக்கா போனார். அங்கே உள்ளூர் வைத்தியர் கொடுத்த வேர்க் கஷாயத்தில் தேறியதாக நம்பினார், ஊர் திரும்பி அதை விற்றார். நூறு வருஷம் கழித்து அது பெரிய ஜெர்மன் கம்பெனிச் சரக்கு. அந்த வேர் பற்றிய ஒரு காப்புரிமையை எதிர்த்துத் தென்னாப்பிரிக்காவின் ஆலிஸ் ஊர் மக்கள் வழக்காடினார்கள், 2010-இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அதை ரத்து செய்தது.

அகஸ்தியர் மலையில் 1987-இல் ஆராய்ச்சிக்குப் போனவர்கள், கூட வந்த காணிக்காரர்கள் (அந்த மலைப் பழங்குடியினர்) ஒரு காயைத் தின்றுவிட்டுக் களைப்பில்லாமல் நடப்பதைப் பார்த்தார்கள். ஆரோக்கியப் பச்சை. கேரளத்தில் பாலோடு என்ற ஊரிலுள்ள தாவரவியல் நிறுவனம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தைச் செய்தது, லாபத்தில் ஒரு பங்கு காணிக்காரர்களின் அறக்கட்டளைக்கு என்று ஒப்பந்தம் ஆயிற்று. பேச்சிப்பாறைக்கு மேலே இருக்கிற நம் காணிக்காரர்களும் அதே மலையின் பிள்ளைகள்தான்.

இதை ஏன் இழுத்தேன் என்றால், "நம் மருந்தை ஏன் யாரும் சோதிக்கவில்லை" என்று புலம்புகிறவர்கள், சோதித்து ஜெயித்தால் பணம் யார் மடியில் விழும் என்றும் யோசிக்க வேண்டும். நொச்சி எல்லா வேலியிலும் நிற்கிறது. வேலியில் நிற்பதைச் சோதிக்க எந்தக் கம்பெனியும் கோடி செலவழிக்காது.

ஜூலை 20

தும்பைச் சாறு. இதுதான் எனக்குக் கவலை.

கன்னத்து சைனஸின் வாசல் அதன் மேல் பக்கத்தில் இருக்கிறது, வழியும் மிகக் குறுகல். வீங்கியிருக்கும்போது அதுவும் அடைபட்டிருக்கும். மூக்கில் விடுகிற இரண்டு சொட்டு அதற்குள் ஏறாது. மூக்குச் சவ்வில் பட்டு எரியும், தும்மல் வரும், நீராய்க் கொட்டும். அதைப் பார்த்து "கெட்ட நீர் இறங்குகிறது" என்று நாம் சந்தோஷப்படுகிறோம். மிளகாய்ப் பொடி பட்டாலும் கொட்டும்.

கவலை அதில் இல்லை. தும்பையைக் கசக்கி எந்தத் தண்ணீரில் பிழிந்தீர்கள்? மூளையைத் தின்னும் அமீபா என்று பேப்பரில் வந்ததே, நெக்ளேரியா, அது குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கு வழியாக ஏறினால் மூளைக்குப் போகும், பிழைப்பவர்கள் மிகக் குறைவு. 2024-இல் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்து நெய்யாற்றின்கரையில், அமீபா மூளைக்காய்ச்சல் சிலருக்கு வந்தது. அங்கே ஒரு குளத்தைத்தான் சந்தேகித்தார்கள். அமெரிக்காவின் லூசியானாவில் 2011-இல் குழாய்த் தண்ணீரை நேட்டிக் கிண்டியில் ஊற்றி மூக்கைக் கழுவிய இரண்டு பேர் இறந்தார்கள். அபூர்வம்தான், ஆனால் அந்த அபூர்வத்தில் ஒருவராக இருக்க யாருக்கும் ஆசை இராது. குளத்து நீரோ கிணற்று நீரோ, கொதிக்காதது மூக்குக்குள் போகக் கூடாது. வயலோரத்தில் பறித்த பச்சிலைச் சாறும் அந்தக் கணக்கில்தான் வரும்.

மூக்கில் மருந்தெண்ணெய் விட்டு நசியம் செய்கிறவர்கள் முறையாகப் படித்த வைத்தியரிடம் செய்யட்டும். கோட்டாற்றில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. வீடியோ பார்த்துச் செய்ய வேண்டாம்.

ஜூலை 27

ஜூலை 9-இல் எழுதிய இங்கிலாந்து ஆய்வின் மறுபாதியைச் சொல்லவில்லை. அதே ஆய்வில் இன்னொரு கூட்டத்துக்கு உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவச் சொன்னார்கள். மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் அவர்களுக்குத் தொல்லை குறைந்திருந்தது. பெரிய அளவில் இல்லை, ஆனால் உண்மையான குறைவு. ஆக, பாட்டி வைத்தியத்தில் சோதனையைத் தாண்டி வந்தது மூலிகையே இல்லாத ஒன்று. உப்பு.

செய்முறை: கால் லிட்டர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு வெதுவெதுப்பாக ஆறவைத்து, அரை டீஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. புத்தளம் அளத்துக் கல்லுப்புதான் கையில் இருக்கிறது என்றால் அதைப் போட்டே கொதிக்கவைத்து, அழுக்கைத் தெளியவிட்டு மேல்நீரை எடுங்கள். வாஷ்பேசின் மேல் குனிந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, ஒரு மூக்கில் விட்டால் மறு மூக்கில் வரும். முதல் தடவை முங்கிப்போன மாதிரி பயமாக இருக்கும். கிண்டியையும் பாட்டிலையும் கழுவிக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிலேயே கிருமி வளரும்.

நானே மழைக்காலத்தில் இதைச் செய்கிறேன். நொச்சி ஆவியும் பிடிக்கிறேன். என்னைப் பார்த்து யாரும் கட்சி பிரிக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 3

வீட்டுக்காரிக்கு வருஷக்கணக்காக "சைனஸ் தலைவலி". நெற்றியில் நீர்க்கோவை மாத்திரையை அரைத்துப் பற்றுப் போட்டு, இருட்டறையில் படுத்தால் சாயங்காலம் சரியாகிவிடும். பற்றின் மகிமை என்று குடும்பமே நம்பியது, மாமியார் உட்பட. ஒருநாள் நரம்பு டாக்டர் ஒருவர் கேட்டார்: வெளிச்சம் பிடிக்கவில்லையா, குமட்டுகிறதா, ஒரு பக்கம் துடிக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம். மைக்ரேன்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2004-இல் அமெரிக்காவில், சைனஸ் தலைவலி என்று தாங்களே சொன்ன அல்லது டாக்டர் சொன்ன 2991 பேரைச் சோதித்தார்கள். 88 சதவீதம் பேருக்கு மைக்ரேன் வகைத் தலைவலி. மைக்ரேனிலும் மூக்கு அடைக்கும், கண்ணில் நீர் வரும், அதனால் ஏமாறுகிறோம். மைக்ரேன் தானாகவே சில மணி நேரத்திலிருந்து மூன்று நாளுக்குள் இறங்கும். அதற்குள் என்ன பற்றுப் போட்டாலும் அதுதான் தீர்த்தது. பற்றின் சூடும் இருட்டறையும் கொஞ்சம் உதவியிருக்கும், நான் மறுக்கவில்லை.

ஜூலை 6-இல் நாள் கணக்கைச் சொன்னேன். இப்போது யோசித்தால் அதற்கு முந்தின கேள்வியே பாக்கி இருக்கிறது. "நொச்சியில் சைனஸ் போயிற்று" என்று சொல்கிற பத்துப் பேரில் எத்தனை பேருக்கு முதலில் சைனஸ் இருந்தது?

ஆகஸ்ட் 4

இதோடு சேர்த்து: ஒரே பக்கம் மட்டும், அதுவும் கெட்ட வாடையோடு சளி வந்தால் பல் டாக்டரைப் பாருங்கள். மேல் கடைவாய்ப் பல்லின் வேர் கன்னத்து சைனஸின் தரையை ஒட்டி நிற்கிறது. பல் அழுகினால் சைனஸ் நிறையும். மாதக்கணக்கில் ஆவி பிடித்த ஒருவர் பல்லைப் பிடுங்கியதும் சரியாகி, கடைக்கு வந்து என்னையே திட்டிவிட்டுப் போனார், நான் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று. அவர் என்னிடம் கேட்டது தலைவலி மாத்திரை.

ஆகஸ்ட் 10

குளச்சல்காரர்: "அலோபதிக்காரன் அலோபதியைக் குறை சொல்லமாட்டான்."

சொல்கிறேன் ஓய். மூக்கில் விடுகிற சொட்டு மருந்து, சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின். விட்ட மாத்திரத்தில் திறக்கும். ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கும், பிறகு அது இல்லாமல் தூங்க முடியாது. பையில் அந்தக் குப்பி இல்லாமல் கல்யாணத்துக்குப் போகாத ஆட்கள் நம் ஊரில் உண்டு. நொச்சி ஆவி யாரையும் அந்த மாதிரி அடிமையாக்கியதில்லை. இந்த ஒரு விஷயத்தில் அம்மச்சிக்கே என் ஓட்டு.

பேர் ஒட்டாத பொட்டலப் பொடிக்கு மட்டும் ஓட்டு இல்லை. ஒரே நாளில் மூக்கு திறக்கிறது, பசி எடுக்கிறது, முகம் உப்புகிறது, சர்க்கரை ஏறுகிறது என்றால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

ஆகஸ்ட் 17

ஒருவர் சவால் விட்டிருக்கிறார்: "நொச்சியைச் சோதிக்க வேண்டும் என்கிறீர்களே, எப்படிச் சோதிப்பீர்கள்?"

நல்ல கேள்வி, இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது. மாத்திரைக்குப் போலி செய்வது சுலபம். நொச்சிக்குப் போலி எப்படி? வாசனை வந்தாலே நம் ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். வேறு இலையைப் போடலாம் என்றால் துளசி, யூகலிப்டஸ், கற்பூரவள்ளி, வேம்பு எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே மருந்துப் பேர் இருக்கிறது. நம் மாவட்டத்தில் யாரும் மருந்து என்று சொல்லாத இலை ரப்பர் இலை ஒன்றுதான். அதை அண்டாவில் போட்டு "இது அபூர்வ மலை மூலிகை" என்று கொடுத்தால் மறு வாரம் அதற்கும் ஒரு கூட்டம் சேரும்.

விளையாட்டை விட்டுச் சொன்னால்: முதலில் டாக்டர் மூக்கில் டெலஸ்கோப் விட்டுப் பார்த்து, சைனஸ்தான் என்று உறுதி செய்தவர்களை மட்டும் எடுக்க வேண்டும். சீட்டுக் குலுக்கி மூன்று கூட்டம்: நொச்சி ஆவி, வெறும் ஆவி, உப்புக் கழுவல். அளந்து பார்க்கிறவருக்கு யார் எந்தக் கூட்டம் என்று தெரியக் கூடாது. இலையை ஒரே இடத்தில், ஒரே மாதத்தில் பறிக்க வேண்டும். ஆசாரிபள்ளத்து மெடிக்கல் காலேஜும் கோட்டாற்றுக் கல்லூரியும் சேர்ந்தால் ஒரு மழைக்காலத்தில் முடிகிற காரியம். செலவும் பெரிதாக ஆகாது, இலை வேலியில் இருக்கிறது.

ராஸ்நாதிப் பொடியை மறந்துவிட்டேன். அதை உச்சியில் வைத்தால் சைனஸில் என்ன நடக்கும் என்பதற்கு எனக்கு எந்த வழியும் தோன்றவில்லை. தலை துவட்டாமல் வெளியே போகிற பிள்ளையைப் பிடித்து நிறுத்தித் தலையைத் துவட்ட வைக்கிறது, அது ஒரு பலன். குளித்துவிட்டு இன்றைக்கும் நான் ஒரு நுள்ளு வைத்துக்கொண்டுதான் கடை திறந்தேன்.

ஆகஸ்ட் 24

குலசேகரம் தம்பி திரும்பி வந்திருக்கிறார். மறுபடி அடைப்பாம். நொச்சி போட்டும் இந்தத் தடவை கேட்கவில்லையாம். சண்டைக்கு வரவில்லை, ஸ்கேன் எடுக்கவா என்று மட்டும் கேட்கிறார்.

தம்பி, 12 வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால்தான் நாள்பட்ட சைனஸ் என்று கணக்கு. உங்களுக்கு இடையில் விட்டு விட்டு வருகிறது, ஒவ்வொரு வருஷமும் மழையோடு தொடங்குகிறது. தும்மல், கண் அரிப்பு, அண்ணத்தில் அரிப்பு உண்டா? இருந்தால் எனக்குக் கிருமியை விட ஒவ்வாமை மேல்தான் சந்தேகம். ஈரச் சுவரில் பூஞ்சை, மெத்தையில் தூசிப் பூச்சி. வீட்டை ஒட்டி ரப்பர் ஷீட் போடுகிற புகைப்புரை இருக்கிறதா? அந்தப் புகையும் மூக்குக்கு ஆகாது. இதை எல்லாம் ஈஎன்டி டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் மூக்குக்குள் பார்த்துவிட்டு ஸ்கேன் வேண்டுமா என்று முடிவு செய்யட்டும்.

கண்ணைச் சுற்றி வீக்கம், இரட்டையாகத் தெரிவது, கழுத்து விறைப்பு, தாங்க முடியாத தலைவலியோடு காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சர்க்கரை உள்ளவர்களுக்கு முகம் மரத்துப்போனாலோ மூக்கில் கறுத்த பொருக்கு வந்தாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. 2021-இல் கறுப்புப் பூஞ்சையில் பார்த்தோம்.

ஒவ்வாமைதான் என்றால் அநேகமாக ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதுவார். பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், பொட்டலப் பொடியில் கலக்கிற சமாச்சாரம் போல உடம்பு முழுக்க ஏறாது, மூக்கில்தான் நிற்கும். இரண்டு நாளில் பலன் இல்லை என்று தூக்கிப் போடாதீர்கள், ஒன்றிரண்டு வாரம் தினமும் அடிக்க வேண்டும். முதலில் உப்புத் தண்ணீரால் கழுவி, கொஞ்சம் கழித்து ஸ்ப்ரே. வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை, முனை காதுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நடுச் சுவரில் அடித்தால் ரத்தம் வரும்.